விளையாட்டு சர்வருக்கான கணினி: வன்பொருள் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டுகளில், யார் எங்கே நிற்கிறார், எவருடைய குண்டு எவர்மீது பட்டது, எந்தச் சுவர் இடிந்தது என்பவற்றையெல்லாம் தீர்மானித்து, அத்தீர்மானத்தை ஆடுவோர் அனைவருக்கும் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும் கணினியே சர்வர் எனப்படுகிறது. 1993இல் வெளிவந்த டூம் விளையாட்டில் இப்படியொரு நடுவர் இருக்கவில்லை. ஆடுவோரின் கணினிகள் தத்தம் விசையழுத்தங்களைப் பரிமாறிக்கொண்டு, மிக மெதுவான கணினிக்காக மற்றவை காத்திருந்து, ஆட்டத்தை ஒருசேர நகர்த்தின. டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே 1996இல் வெளியிட்ட குவேக், நடுவர் பொறுப்பை ஒரு தனிக் கணினியிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குவேக்வேர்ல்டு, இணையத் தாமதத்தை ஆடுபவர் உணராதபடி மறைக்கும் உத்தியையும் சேர்த்தது. இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே. அந்த நடுவர் கணினி எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் நினைவகத்தின் அளவைக் கொண்டும் கோர்களின் எண்ணிக்கையைக் கொண்டும் விடை சொல்கின்றன. அவ்விடை பாதி வழிகூடச் செல்வதில்லை என்பதும், கணினியின் மொத்த ஆற்றலைவிட விளையாட்டின் உள்ளே ஓடும் கடிகாரமே தேர்வைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அந்தக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு டிக் எனப்படும். ஒவ்வொரு டிக்கிலும் சர்வர், ஆடுவோரிடமிருந்து வந்த கட்டளைகளைப் படித்து, உலகின் நிலையை ஒரு படி முன்னகர்த்தி, மாற்றங்களைத் திருப்பி அனுப்புகிறது. மைன்கிராஃப்ட் விநாடிக்கு 20 டிக் ஓடுவதால் ஒவ்வொரு டிக்கின் வேலையும் 50 மில்லிவிநாடிக்குள் முடிந்தாக வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவில் வால்வ் நிறுவனத்தின் சொந்த சர்வர்கள் 64 டிக்கிலும், பிறர் நடத்திய போட்டி சர்வர்கள் 128 டிக்கிலும் ஓடின. 2020இல் ரயட் கேம்ஸ் வெளியிட்ட வாலரன்ட் 128 டிக்கையே எல்லோருக்கும் பொதுவாக்கியதால், அங்கே ஒரு டிக்குக்குக் கிடைப்பது 7.8 மில்லிவிநாடி மட்டுமே. இங்கே கவனிக்க வேண்டியது, இது கெடுவே தவிர சராசரி அன்று என்பதாகும். மைன்கிராஃப்டில் ஒரு டிக்கின் வேலை 10 மில்லிவிநாடியில் முடிந்தாலும் 45 மில்லிவிநாடியில் முடிந்தாலும் ஆடுபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை; 60ஐத் தொட்டுவிட்டாலோ உலகமே மெதுவாகி, உடைத்த கல் மீண்டும் முளைக்கிறது, ஓடியவர் பின்னுக்கு இழுக்கப்படுகிறார். ஆகவே ஒரு கணினி ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு வேலை செய்யும் என்பதைச் சொல்லும் வழக்கமான ஒப்பீட்டு மதிப்பெண்களால் இத்துறையில் பயன் குறைவு. மிகக் கடினமான டிக்கை அது எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்பதே கேள்வி.

கோர் என்பது ஒரே செயலிக்குள் தனித்தனியே கணக்கிடவல்ல அலகு; அத்தகைய கோர்களைக் கூட்டிக்கொண்டே போனால் கெடுவை எட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரம், ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ அதுவே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்பது. விளையாட்டு உலகங்களில் அந்தப் பிரிக்க முடியாத பகுதி பெரிது. பல்லாங்குழியில் ஒருவர் காய்களைப் போட்டு முடிக்கும்வரை அடுத்தவர் எந்தக் குழியை எடுப்பது என்று கணக்கிட முடியாததுபோல, ஒரு நிகழ்வின் விளைவு தெரியாமல் அதை அடுத்த நிகழ்வைச் சர்வரால் தீர்மானிக்க இயலாது. மைன்கிராஃப்டின் உயிரினங்கள், நீரோட்டம், இயந்திர அமைப்புகள் ஆகிய அனைத்தும் இக்காரணத்தால் பெரும்பாலும் ஒரே இழையில், அதாவது ஒரே கோரில் வரிசையாக நடக்கும் கட்டளைத் தொடரில், கணக்கிடப்படுகின்றன. பேப்பர் என்னும் திருத்தப்பட்ட சர்வர் மென்பொருள் நிலப்பரப்பை ஏற்றுவது போன்ற சில வேலைகளை மட்டும் பிற கோர்களுக்குத் தள்ளிவிடுகிறது. 2023இல் அதே குழுவினர் வெளியிட்ட ஃபோலியா, உலகையே வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி இழையில் ஓடவிடுகிறது. ஆனால் ஆடுவோர் பரந்து வாழும்போதுதான் அது பலன் தரும், எல்லோரும் ஒரே சந்தை வெளியில் கூடிவிட்டால் சுமை மீண்டும் ஒரே கோரின் தலையில் விழும். கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கப்படும் துணை நிரல்களையும் அதற்கேற்பத் திருத்தி எழுத வேண்டியுள்ளது.

இந்த எல்லையை மிகப் பெரிய அளவில் காட்டிய விண்வெளிப் போர் விளையாட்டு, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கிய ஈவ் ஆன்லைன். அதன் சர்வர் நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. அம்மொழியின் இயக்க அமைப்பு ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டுமே ஓட அனுமதிக்கும் தன்மையுடையதால், ஒரு சூரிய மண்டலத்தில் எத்தனை பேர் திரண்டாலும் அம்மண்டலத்தின் போரை ஒரே கோர்தான் சுமக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் தீராத இச்சிக்கலுக்கு அந்நிறுவனம் கண்ட தீர்வு வன்பொருளில் இல்லை. 2012இல், நெரிசல் மிகும்போது விளையாட்டின் காலத்தையே இயல்பான வேகத்தின் 10 விழுக்காடு வரை மெதுவாக்கும் முறையை அது புகுத்தியது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் 7,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டதற்கு இம்முறையும் ஒரு காரணம். கெடுவை எட்ட முடியாதபோது கடிகாரத்தையே தளர்த்திய இம்முடிவு, இத்துறையில் எடுக்கப்பட்ட நேர்மையான பொறியியல் முடிவுகளுள் ஒன்று எனலாம்.

ஒற்றை உலக விளையாட்டுகளுக்கு இதனால் விளையும் தேர்வு தெளிவானது. ஏஎம்டியின் எப்பிக் 9654 செயலியில் 96 கோர்கள் இருந்தும் அதன் உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், அதே தலைமுறையைச் சேர்ந்த, விலையில் பன்மடங்கு குறைந்த ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர்களோடு 5.7 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. தரவு மையங்களுக்கென்றே செய்யப்பட்ட முன்னது, ஒரேயொரு மைன்கிராஃப்ட் உலகை நடத்துவதில், மேசைக் கணினிக்கான பின்னதிடம் தோற்றுவிடும். கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அளவுகோலும் அன்று. செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, விரைவான நினைவகம் கேஷ் எனப்படும். அங்கே உள்ள தரவு பத்து, பதினைந்து நானோவிநாடி அளவில் கிடைக்க, வெளியே உள்ள முதன்மை நினைவகத்திலிருந்து அதைக் கொண்டுவரப் பல மடங்கு நேரமாகிறது. விளையாட்டு சர்வரோ ஆயிரக்கணக்கான சிறு பொருள்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுச் செல்லும் இயல்புடையது. ஆதலால் செயலி கணக்கிடும் நேரத்தைவிடத் தரவுக்காகக் காத்திருக்கும் நேரமே சில சமயம் மிகுதியாகிவிடுகிறது. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, கேஷை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்த்தியபோது, வேகம் சற்றுக் குறைந்திருந்தும், ஃபேக்டோரியோ போன்ற தொழிற்சாலை விளையாட்டுகளில் தன் இனத்தின் பிற செயலிகளை மிஞ்சியது இதனால்தான். எனினும் ரைசன் 9 7950எக்ஸ்3டி போன்றவற்றில் இந்தப் பெரிய கேஷ் பாதிக் கோர்களுக்கு மட்டுமே உரியது. சர்வர் நிரலை அந்தப் பாதியிலேயே ஓடும்படி கட்டிப்போடாவிட்டால் கொடுத்த பணம் வீண்.

ஃபேக்டோரியோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவ்விளையாட்டில், பழைய டூமைப்போல, ஒவ்வொருவருடைய கணினியும் முழு உலகையும் தானே கணக்கிடுகிறது. சர்வர் கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் பணியையே கூடுதலாகச் செய்கிறது. தொழிற்சாலை பெருத்துவிட்டால், சர்வரை எவ்வளவு உயர்த்தினாலும், வலுவற்ற கணினியோடு வருபவர் பின்தங்கவே செய்வார். வால்ஹைமில் நிலைமை இன்னும் விந்தையானது: ஒரு நிலப்பகுதியின் உயிரினங்களையும் பௌதிக நிகழ்வுகளையும் அங்கே இருக்கும் ஆட்டக்காரர்களுள் ஒருவருடைய கணினியே கணக்கிடுவதால், அவருடைய இணைப்பு மோசமாக இருந்தால் உடனிருப்போர் அனைவரும் அவதிப்படுவர். இத்தகைய விளையாட்டுகளுக்குப் புதிய செயலி வாங்குவது, நோய் ஓரிடமிருக்க மருந்தை வேறிடத்தில் பூசும் செயலாகும்.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு ஆட்டங்களை நடத்தும் நிறுவனங்களின் கணக்கு இதற்கு நேர்மாறானது. வாலரன்டின் ஓர் ஆட்டத்தில் பத்துப் பேர் மட்டுமே. அவ்வாட்டம் முடிந்ததும் அதன் உலகமும் மறைந்துவிடும். ரயட் கேம்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட விவரங்களின்படி, ஒரு கோரில் மூன்று ஆட்டங்களை ஓட்டினால்தான் செலவு கட்டுப்படும் என்று முடிவு செய்து, 7.8 மில்லிவிநாடியை மூன்றாகப் பங்கிட்டு, அதிலும் இயக்க முறைமைக்குச் சிறு பகுதியை ஒதுக்கி, ஒரு டிக்குக்கு 2.34 மில்லிவிநாடி என்ற இலக்கை வகுத்தனர். வேலை தொடங்கியபோது ஒரு டிக் 50 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டிருந்தது. இந்த இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்தது நிரலைத் திருத்தியதே. வன்பொருள் அதன்பின் வந்தது. அவ்வாறு வந்தபோதும் கேஷே முன்னின்றது: இன்டெலின் பழைய சியான் இ5 வரிசையில் ஒவ்வொரு கோருக்கும் உரிய இரண்டாம் நிலைக் கேஷ் 256 கிலோபைட்டாக இருக்க, அதையடுத்து வந்த சியான் ஸ்கேலபிள் வரிசையில் அது 1 மெகாபைட்டானது. பல ஆட்டங்கள் ஒரே செயலியில் நெருக்கியடித்து ஓடும்போது ஒன்றின் தரவை மற்றொன்று பொதுக் கேஷிலிருந்து வெளியேற்றிவிடும் என்பதால், தனக்கென்று கேஷ் மிகுந்த கோர் சிறந்து விளங்கியது. 36 கோர் கொண்ட ஒரு கணினி இக்கணக்கில் 108 ஆட்டங்களையும் 1,080 பேரையும் தாங்கும். இங்கே 96 கோர் எப்பிக் தன் பெருமையை மீட்டுக்கொள்கிறது. ஆனால் எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும்போது வெப்பமும் மின்வரம்பும் வேகத்தைக் கீழே இழுக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகம் ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும் நேரத்துக்கு உரியது. எத்தனை ஆட்டங்கள் அடங்கும் என்பதை முழுச் சுமையில் சோதித்துப் பார்க்காமல் சொல்பவரை நம்பலாகாது.

மேசைக் கணினிச் செயலிகளின் மலிவும் வேகமும் ஒரு விலையோடு வருவதை 2024ஆம் ஆண்டு உணர்த்தியது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகளை நாள் முழுதும் சர்வர்களாக ஓட்டிய விளையாட்டு நிறுவனங்கள், அவை காரணமின்றி நின்றுபோவதாக வெளிப்படையாகக் கூறத் தொடங்கின. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் செயலி படிப்படியாகச் சேதமடைவதை அவ்வாண்டு இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டு முதல் திருத்த நிரல்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. முன்பே சேதமடைந்தவற்றைத் திருத்த நிரலால் மீட்க இயலவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் ஆடுபவரின் கணினியில் ஆண்டுகள் கழித்துத் தெரிந்திருக்கக்கூடிய குறை, ஓய்வறியாத சர்வரில் மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

நினைவகப் பிழையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் அதைக் கண்டு திருத்தும் ஆற்றலுள்ள நினைவகம் இசிசி எனப்படுகிறது. பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கூகுளின் கணினிகளில் இருந்த நினைவகத் தகடுகளில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓராண்டில் ஒரு பிழையையாவது கண்டதாகக் காட்டியது. அரைமணியில் முடியும் ஆட்டத்துக்கு இது பொருட்டன்று. மூன்று ஆண்டுகளாகப் பலர் கட்டியெழுப்பிய உலகத்தின் கோப்பில் அந்தப் பிழை சேமிக்கப்பட்டுவிட்டால் இழப்பு பெரிது. டிடிஆர்5 நினைவகத்தில் இயல்பாகவே உள்ள திருத்த வசதி சில்லுக்குள் நிகழும் பிழைகளுக்கு மட்டுமே உரியது, செயலிக்குப் போகும் வழியில் நேர்வதைக் காக்காது. ரைசனின் வேகத்தையும் இசிசிக்கான உறுதியையும் ஒருசேரத் தரும் எப்பிக் 4004 வரிசையை 2024இல் ஏஎம்டி வெளியிட்டது, இவ்விரு உலகங்களுக்கும் நடுவே ஒரு சந்தை இருப்பதை உணர்ந்ததால்தான்.

நினைவகத்தின் அளவைப் பொறுத்தவரை, ஆடுவோரின் எண்ணிக்கையை நினைவகத்தோடு நேரடியாகப் பெருக்கும் வழக்கம் பிழையானது. மைன்கிராஃப்ட் உலகம் சங்க் எனப்படும் 16க்கு 16 கட்ட நிலத்துண்டுகளாக அமைந்தது. பார்வைத் தொலைவு வழக்கமான 10 என்ற அளவில் இருக்கும்போது ஒருவரைச் சுற்றி 441 துண்டுகள் நினைவகத்தில் இருக்கும்; அதை 32ஆக உயர்த்தினால் 4,225 ஆகிவிடும். ஆடுவோர் ஒருவர்கூடக் கூடாமல், அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றியதால் மட்டும் சுமை ஏறத்தாழ பத்து மடங்காகிறது. மறுபுறம், ஜாவாவில் எழுதப்பட்ட இவ்விளையாட்டுக்கு நினைவகத்தை வாரி வழங்குவதும் நல்லதன்று. பயன்பாடு முடிந்த தரவைப் பெருக்கி அகற்றும் வேலைக்காக ஜாவா அவ்வப்போது நிரலை நிறுத்திவைக்கிறது. அந்த நிறுத்தம் 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் ஒரு டிக் பறிபோகும். ஒதுக்கீடு 32 கிகாபைட்டைக் கடந்துவிட்டால், ஜாவா தன் உட்குறிப்பு முகவரிகளை நான்கு பைட்டிலிருந்து எட்டு பைட்டாக மாற்றிக்கொள்வதால், சற்றுக் கூடுதலான நினைவகத்தில் முன்பைவிடக் குறைவான தரவே அடங்கும் நிலையும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டு வேறு வகை: அதன் உருவாக்குநர்களே 16 கிகாபைட் வேண்டும், நிலையாக ஓட 32க்கு மேல் நல்லது என்று அறிவித்தனர். அத்தகைய விளையாட்டுக்கு நினைவகத்தில் சிக்கனம் பார்ப்பது பயனற்றது.

சேமிப்பகம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுழலும் வன்தட்டு, ஆட்டக்காரர் புதிய நிலத்துக்குள் நுழையும்போதும் உலகம் தானாகச் சேமிக்கப்படும்போதும் திணறும்; சுழலும் பாகங்கள் இல்லாத என்விஎம்இ வகைச் சேமிப்பகம் அக்குறையை நீக்கிவிடுகிறது. அதற்குமேல் வேகம் தேடுவதைவிட, மின்சாரம் திடீரென்று நின்றாலும் எழுதிக்கொண்டிருந்த தரவை முடித்துவைக்கும் மின்தேக்கிகள் உள்ள வகையை வாங்குவதும், பிரதியை வேறொரு கணினியில் வைப்பதும் அறிவுடைமை. படம் காட்ட வேண்டிய தேவை சர்வருக்கு இல்லையாதலால், கிராஃபிக்ஸ் அட்டைக்குச் செலவிட்ட பணம் முற்றிலும் வீண்.

வலைப்பிணைப்பில் பருமனைவிடத் தொலைவே முதன்மையானது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் என்பதால், போய்வரும் நேரம் எந்த வன்பொருளைக் கொண்டும் 32 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காது. 128 டிக் விளையாட்டில் அது நான்கு டிக். சென்னையில் ஆடுவோருக்காகச் சிங்கப்பூரில் உயர்ந்த கணினியை அமர்த்துவதைவிட மும்பையிலோ சென்னையிலோ நடுத்தரக் கணினியை அமர்த்துவது மேல். இன்னொரு கவலை, பொய்த் தரவுகளை வெள்ளமாக அனுப்பிச் சர்வரை மூழ்கடிக்கும் தாக்குதல். 2016இல் இணையத்தையே உலுக்கிய மிராய் என்னும் தீநிரலை எழுதிய அமெரிக்க இளைஞர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைச் சுற்றி நடந்த வணிகப் போட்டியிலிருந்து கிளம்பியவர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். இவ்வெள்ளத்தைத் தடுக்கும் திறன் தனிக் கணினிக்கு இல்லை, அதை வைத்திருக்கும் தரவு மையத்துக்கே உண்டு.

வாடகைக்கு எடுப்போர் அறிய வேண்டிய சொல் விசிபியு. பெரும்பாலான இடங்களில் அது ஒரு முழுக் கோரைக் குறிப்பதில்லை. ஒரு கோர் இரண்டாகக் காட்டப்படும்போது அதில் ஒரு பாதியே அது. மலிவான திட்டங்களில் அந்தப் பாதியும் பலருக்கு விற்கப்பட்டிருக்கும். பக்கத்து வாடிக்கையாளர் உழைக்கும்போது தன் முறைக்காகக் காத்திருந்த நேரத்தை லினக்ஸ் இயக்க முறைமை ஸ்டீல் என்ற பெயரில் காட்டுகிறது. அந்த எண் அடிக்கடி பூச்சியத்தைவிட்டு எழுந்தால், விளம்பரத்தில் எத்தனை கோர் இருந்தாலும் அந்த இடம் விளையாட்டுக்கு உதவாது. வீட்டிலேயே பழைய கணினியை வைத்து ஓட்டுவதும் தகாத வழியன்று, நண்பர்கள் ஐந்தாறு பேருக்கு அது போதும். ஆனால் 100 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட் ஆகும்; அதற்கான மின்கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும், வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், வெளியிலிருந்து வருவோர் நேரே உள்ளே நுழைய வழியிருக்காது. தனி முகவரிக்கு இணைய நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும்.

வாங்கும் முன் செய்யத்தக்கது, விளையாட்டைக் கையிலுள்ள கணினியிலோ மணிக்கணக்கு வாடகைக் கணினியிலோ ஏற்றி, மிக நெரிசலான நேரத்தில் ஒரு டிக் எத்தனை மில்லிவிநாடி எடுக்கிறது, அப்போது எத்தனை கோர்கள் முழுதாக உழைக்கின்றன என்று பார்ப்பது. ஒரு கோர் மட்டும் திணறி மற்றவை சும்மா இருந்தால் வேகமும் கேஷும் மிகுந்த, கோர் குறைந்த செயலியை வாங்க வேண்டும். எல்லாக் கோர்களும் சமமாக நிரம்பினால் கோர்களைக் கூட்டலாம். எதுவும் திணறாமலே ஆட்டம் தடுமாறினால் பணத்தைக் கணினிக்குச் செலவிடாமல், ஆடுவோருக்கு அருகிலுள்ள தரவு மையத்தைத் தேட வேண்டும்.